விளக்கை விற்கும் நாம் பெட்டரிக்கும் பொறுப்பாளிகளே

கலியாணக் காலம் நெருங்கும்போது எமது கடைக்கு வரும் இளம் படப்பிடிப்பாளர்கள், பெட்டரியில் இயங்கும் பிளாஷ் விளக்கைக் கையிலெடுத்து முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "இது எத்தனை வோட், நானா?" 200 என்றால் முகம் சுருங்கும். 600 என்றால் கண் விரியும். அதன் பிறகு விலை, அதற்குப் பிறகு கழிவு. அத்துடன் பேச்சு முடிந்துவிடும். "இதன் பெட்டரி பழுதடைந்தால் உங்களிடம் வேறு பெட்டரி கிடைக்குமா?" என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கேட்காதது அவர்களுடைய தவறு என்றே நான் நீண்ட காலம் நினைத்திருந்தேன். சொல்லாதது விற்கிறவனுடைய தவறு என்பதை ஒரு தம்பியின் நஷ்டம்தான் எனக்குக் கற்றுத்தந்தது. அதனை இந்த வாரம் வாசகர்களுடன், விசேடமாக இத்துறையிலுள்ள சக வர்த்தகர்களுடன், பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வயரிலிருந்து கிடைத்த விடுதலை

1989இல் நான் வாப்பாவுடன் கண்டிக் கடையில் அமர்ந்தபோது, கலியாண வீடுகளுக்குப் போகும் படப்பிடிப்பாளர்களின் கையில் ஜேர்மனியின் மெட்ஸ் பிளாஷ் இருந்தால் அது பெரிய மதிப்பு. சுத்தியல் போன்ற கைபிடியுடன் கெமராவின் பக்கத்தில் அது நிற்கும். அதன் பெரிய வகைக்கு ஈயப் பெட்டரி ஒன்றைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டும். ஸ்டூடியோ விளக்குகளைக் கலியாண மண்டபத்துக்குக் கொண்டுபோவதென்றால் வயர் சுருள், பிளக், அதைக் கவனிக்க ஓர் ஆள் என்று ஒரு பட்டாளமே தேவைப்படும். அந்த வயரில் தடுக்கி விழாத சிறுபிள்ளை ஊரில் இல்லை. 1996இன் வரட்சியில் மின்வெட்டு வந்தபோது அந்த விளக்குகள் எல்லாம் மூலையில் கிடந்தன. ஜெனரேட்டர் வைத்தவர்களோ அதன் சத்தத்துக்குள் நிக்காஹ் குத்பாவைக் கேட்க முடியாமல் தவித்தார்கள்.

இந்த விளக்கின் அடிப்படை புதியதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பேராசிரியர் ஹெரல்ட் எட்ஜர்டன் 1930களிலேயே மின்னணு ஸ்ட்ரோப் விளக்கைக் கொண்டு பறக்கும் துப்பாக்கிக் குண்டையும் சிதறும் பால் துளியையும் படமெடுத்துக் காட்டினார். இன்றைய விளக்கும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. பெட்டரியின் குறைந்த வோல்ட் மின்சாரம் பல நூறு வோல்ட்டாக உயர்த்தப்பட்டு கெப்பாசிட்டர் என்ற பாகத்தில் சேமிக்கப்படுகிறது. கெமராவின் பொத்தானை அழுத்தியதும், சேர்ந்த அனைத்தும் செனொன் வாயு அடைத்த கண்ணாடிக் குழாயினூடாக ஒரே பாய்ச்சலில் வெளிவருகிறது. ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான் அந்த வெளிச்சத்தின் ஆயுள்.

பெட்டரியில் இயங்கும் பெரிய விளக்குகள் 2000களிலும் இருந்தன. சுவிட்சர்லாந்தின் எலின்குரோம் ரேஞ்சர் 1100 ஜூல் சக்தி கொண்டது. ஆனால் அதன் பெட்டி சுமார் 8 கிலோ. விலையோ எமது நாட்டுப் படப்பிடிப்பாளரின் கனவிலும் வராதது. 2013இல் சுவீடனின் புரோபோட்டோ நிறுவனம் பி1 என்ற விளக்கை வெளியிட்டது. 500 ஜூல், எடை 3 கிலோ, பெட்டரி விளக்கின் உடம்பிலேயே பொருந்தியிருந்தது, முழுச் சக்தியில் 220 தடவை மின்னும். அப்போதும் விலை எட்டவில்லை. சீனாவின் ஷென்ஜென் நகரிலுள்ள கொடொக்ஸ் போன்ற நிறுவனங்கள் 600 ஜூல் விளக்கையும், பின்னர் 2017இல் ஒரு செங்கல்லின் அளவில் 200 ஜூல் விளக்கையும் கொண்டுவந்த பிறகுதான் கண்டியிலும் கல்முனையிலும் உள்ள சாதாரண படப்பிடிப்பாளரின் கைக்கு இது வந்து சேர்ந்தது.

லித்தியம் பெட்டரி இல்லாவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது. ஆகவே நாம் விளக்கை விற்கிறோம் என்று சொன்னாலும், உண்மையில் விற்பது பெட்டரியைத்தான்.

ஏன் இந்த விளக்கு தேவை?

"இப்போதைய கெமராக்கள் இருட்டிலும் எடுக்கின்றனவே, இந்தச் செலவு எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இந்த விளக்கின் தேவை இருட்டில் மட்டுமல்ல. நடுப்பகலில் அதைவிட அதிகம்.

காலி கோட்டை மதிலிலோ பேராதனைப் பூங்காவிலோ பகல் 12 மணிக்கு மாப்பிள்ளையையும் மணப்பெண்ணையும் நிறுத்திப் பாருங்கள். சூரியன் தலைக்கு மேலே. கண்குழிகள் கறுத்துவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், வெள்ளை உடுப்பு வெளிறிப்போகும். அந்தச் சூரியனோடு போட்டியிட்டு முகத்தில் வெளிச்சம் போடுவதற்குத்தான் சக்தியுள்ள பிளாஷ் தேவைப்படுகிறது. கம்ப்யூட்டரில் நிழலைத் தூக்கிவிடலாம் என்பார்கள். நிழலைத் தூக்கலாம், வெளிச்சம் வந்த திசையை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

"எல்.ஈ.டி. விளக்கு இருக்கிறதே, வீடியோவுக்கும் உதவுமே" என்பது அடுத்த கேள்வி. வீடியோவுக்கு எல்.ஈ.டி.தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் படத்துக்கான கணக்கு வேறு. 300 வோட் எல்.ஈ.டி. ஒன்று, கெமராவின் கதவு திறந்திருக்கும் 1/200 செக்கனில் செலவழிப்பது 1.5 ஜூல் மாத்திரமே. சிறிய ஸ்ட்ரோப் விளக்கு அதே நேரத்துக்குள் 200 ஜூலைக் கொட்டிவிடுகிறது. எல்.ஈ.டி. எவ்வளவு சிக்கனமானது என்று வைத்துக்கொண்டாலும் இந்த இடைவெளியை வெயிலில் நிரப்ப முடியாது.

இவ்வளவு சக்திக்கு மின்சாரம் எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 600 ஜூல் என்பது 10 வோட் பல்ப் ஒன்று ஒரு நிமிடம் எரிவதற்குச் சமம். முழுச் சக்தியில் 500 தடவை மின்னினாலும் ஒரு யூனிட் மின்சாரத்தின் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மின்சாரம் மலிவு, அதைச் சுமந்து செல்லும் பாத்திரம்தான் விலை. அந்தப் பாத்திரம் உடைந்தால் விளக்கு வெறும் பிளாஸ்டிக் பெட்டி.

நான் விற்ற ஒரு விளக்கு

2019 நவம்பரில் மாவனல்லைப் பக்கத்துத் தம்பி ஒருவர் எமது கடைக்கு வந்தார். இருபத்துநான்கு வயதிருக்கும். நல்ல கைப்பழக்கம் உள்ள பிள்ளை. சிறிய விளக்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "பெரிசா எடுத்துட்டா ஒரே செலவு தம்பி, பொறகு மாத்தத் தேவையில்ல" என்று சொல்லி 600 ஜூல் விளக்கை எடுத்துக்கொடுத்தவன் நான்தான். இலாபமும் அதில்தான் அதிகம் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

நான்கு மாதங்கள் நன்றாக ஓடியது. 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. கலியாணங்கள் நின்றன. பிறகு நடந்தவையும் வீட்டுக்குள் சுருங்கிப்போயின. தம்பி முச்சக்கர வண்டியில் மரக்கறி ஏற்றிப் பிழைப்பைப் பார்த்தார். விளக்கு பையோடு அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. 2021ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"சார்ஜ் ஏறுதில்ல நானா. ரெண்டு நாளா போட்டு வெச்சேன். லைட்டே வருதில்ல."

"எவ்வளவு காலம் சும்மா வெச்சிருந்தீங்க?"

"எட்டு ஒம்பது மாசம் இருக்கும்."

"வெக்கக்குள்ள சார்ஜ் இருந்திச்சா?"

"இல்ல நானா. கடைசிக் கலியாணத்துல முடிஞ்சிட்டு. அப்பிடியே வெச்சிட்டேன்."

லித்தியம் பெட்டரியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்லத் தேவையில்லை. சார்ஜ் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் செல்களின் வோல்ட் மெல்ல மெல்ல இறங்கி, ஓர் எல்லைக்குக் கீழே போய்விடும். அதன் பின்னர் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜ் ஏற்றவே அனுமதிக்காது. அது பழுதல்ல, பாதுகாப்பு. அப்படிப்பட்ட செல்லை வற்புறுத்திச் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கக்கூடும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதிக்குச் சார்ஜ் செய்து வையுங்கள் என்ற ஒரு வரியை விற்கும்போது நான் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டரி இறந்திருக்காது. சொல்லவில்லை. சீன மொழியிலும் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்திலும் அச்சிட்ட புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொடுத்ததோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

"வேற பெட்டரி ஒண்டு தாங்க, காசு தாறேன்" என்றார். என்னிடம் இல்லை. கொழும்பில் விசாரித்தேன், இல்லை. விளக்கு வாங்கிய இடத்துக்கு எழுதினேன். அந்த மாதிரியை மாற்றிவிட்டோம், பழைய பெட்டரி இருப்பில் வந்தால் அறிவிக்கிறோம் என்று பதில் வந்தது. பெட்டரி கிடைப்பதற்குள் 2022 வந்துவிட்டது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. அந்த ஒரு பெட்டரியின் விலை, அவர் விளக்குக்குக் கொடுத்த பணத்தில் பெரும் பகுதியைத் தொட்டது.

விலையைச் சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னார்: "உம்மாட ரெண்டு வளையல வித்துத்தான் நானா இத எடுத்தேன். ஒரு வருஷத்துல திருப்பி வாங்கித் தாறேன்டு சொன்னேன்." ரூபா விழுந்த அந்த நாட்களில் தங்கம் எங்கே போய் நின்றது என்பதை வாசகர்கள் அறிவீர்கள். இரண்டு வளையலின் விலையில் ஒரு வளையல்கூட வாங்க முடியாத காலம் அது.

அந்த 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. பெட்டரி விளக்கு வைத்திருந்தவர்களுக்கு அது தொழில் கிடைத்த காலம். மின்சாரமில்லாத மண்டபங்களில் அவர்கள்தான் படமெடுத்தார்கள். எமது தம்பியிடமும் அந்த விளக்கு இருந்தது, அலுமாரிக்கு மேலே.

பெட்டரி ஏன் வருவதில்லை?

விளக்கு வரும்போது மாற்றுப் பெட்டரியும் சேர்த்துக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்கலாம். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. 2016 ஏப்ரல் 1ஆம் திகதி முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பெட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பினால் தடைசெய்யப்பட்டுள்ளது. விளக்கோடு ஒரே பெட்டியில் பொதிசெய்து வந்தால் விதிமுறைகளுக்கு உட்பட்டு வரலாம். தனியே பெட்டரி மட்டும் வேண்டுமென்றால் சரக்கு விமானமோ கப்பலோதான். அதற்கு ஆபத்தான சரக்குக்குரிய பொதியும் பத்திரங்களும் தேவை. பத்துப் பெட்டரிக்காக எந்த இறக்குமதியாளரும் அந்தச் சிரமத்தை எடுக்க விரும்புவதில்லை. ஆகவே விளக்கு வருகிறது. அதன் உயிர் வருவதில்லை.

பயணிகள் தமது சொந்தப் பாவனைக்குரிய பெட்டரியைக் கைப்பையில் கொண்டுவரலாம். 100 வோட்-மணிக்கு மேற்படாதிருந்தால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவையில்லை. 160 வரை அனுமதி பெற வேண்டும். பெரிய விளக்குகள் பலவற்றின் பெட்டரி 100க்குச் சற்றுக் கீழே நிற்பதன் இரகசியம் இதுதான். ஆனால் இது சொந்தப் பாவனைக்கான சலுகை. ஒருவர் சூட்கேஸில் கொண்டுவரும் பெட்டரிகளை நம்பி ஊருக்கே விளக்கு விற்பது வியாபாரமாகாது.

ஒரு சகோதரி தந்த பாடம்

கண்டியில் பெண்கள் பகுதிக்கு மாத்திரம் படமெடுக்கும் சகோதரி ஒருவர் எமது வாடிக்கையாளர். எமது சமூகத்தில் நிக்காஹ், வலீமா வைபவங்களில் பெண்களைப் பெண்களே படமெடுக்க வேண்டும் என்ற விருப்பம் அதிகம். அந்தத் தேவையால் பல சகோதரிகள் கௌரவமாக உழைக்கிறார்கள். இவரிடம் இருப்பது 200 ஜூல் விளக்கு ஒன்றும் வெள்ளைக் குடை ஒன்றும்தான். தோள்பையில் அடங்கிவிடும், உதவியாள் தேவையில்லை.

மாவனல்லைத் தம்பியின் கதைக்குப் பிறகு ஒரு நாள் அவரிடம், "இந்தச் சின்ன லைட் உங்களுக்குப் போதுமா?" என்று கேட்டேன். "லைட்டப் பெரிசாக்கத் தேவையில்ல நானா, கிட்டக் கொண்டுபோனாப் போதும்" என்றார்.

முப்பது வருடமாக விளக்கு விற்ற எனக்கு அன்றுதான் அந்தக் கணக்கு உறைத்தது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும் என்பது பாடசாலைப் பௌதிகம். அதன்படி, ஒரே மாதிரியான குடையைப் போட்டு 2 மீற்றரில் வைத்த 600 ஜூல் விளக்கைவிட, 1 மீற்றரில் வைத்த 200 ஜூல் விளக்கு கூடிய வெளிச்சம் தரும். இருபது பேர் கொண்ட குடும்பப் படத்துக்குப் பெரிய விளக்கு வேண்டும். அங்கே விளக்கை அருகில் வைத்தால் ஓரத்தில் நிற்பவர் இருட்டில் நிற்பார். ஆனால் இருவர், மூவர் நிற்கும் படங்களுக்குச் சிறியது தாராளம். அந்தத் தம்பி எடுக்க வந்ததும் சிறியதைத்தான். பெரியதைக் கொடுத்தனுப்பியவன் நான்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வாங்க நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணக்குக்காக மட்டும், விளக்கு 180,000 ரூபா, மேலதிக பெட்டரி ஒன்று 45,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 225,000. மூன்று வருடம் உழைக்கும் என்று எடுத்தால், வருடத்துக்கு 30 கலியாணம் செய்பவருக்கு ஒரு கலியாணத்துக்கு 2,500 ரூபா. வருடத்துக்கு 8 கலியாணம் மாத்திரம் செய்பவருக்கோ 9,375 ரூபா. நாள் வாடகை 4,000 என்றால் முதலாமவர் வாங்கலாம். இரண்டாமவர் வாடகைக்கு எடுப்பதே புத்தி. எண்களை மாற்றி உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். கடன் வாங்குவதற்கு முன்னரும் வீட்டுத் தங்கத்தில் கைவைப்பதற்கு முன்னரும் இந்தக் கணக்குக் கடதாசியில் இருக்க வேண்டும்.

ஒரு ஊரில் நான்கைந்து படப்பிடிப்பாளர்கள் இருந்தால் எல்லோரும் ஒரே வகை விளக்கை வாங்குவது நல்லது. ஒருவரின் பெட்டரி மற்றவருக்கு உதவும். எமது ஆட்கள் போட்டிக்காக ஆளுக்கொரு வகை வாங்குகிறார்கள். ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் உதவ நினைத்தாலும் பெட்டரி பொருந்துவதில்லை. குடை, சொப்ட் பொக்ஸ் போன்றவற்றுக்குப் போவன்ஸ் எனப்படும் பூட்டுமுறை உள்ளதை வாங்குங்கள். அந்தப் பிரித்தானிய நிறுவனம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் பல நிறுவனங்கள் இன்றும் அதே பூட்டைப் பயன்படுத்துவதால் ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றுக்கும் பொருந்தும். கையில் பணமே இல்லாதவர்களுக்கு, ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்பும் பழைய வித்தை இன்னும் சாகவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பராமரிப்பு விடயத்தில் சில வார்த்தைகள். தொழிலில்லாத காலத்தில் பெட்டரியை விளக்கிலிருந்து கழற்றி, பாதிச் சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வேனுக்குள் விட்டுச்செல்லாதீர்கள். வீங்கிய பெட்டரியைப் பாவிக்காதீர்கள், குத்தாதீர்கள், வீட்டுக் குப்பையோடு வீசாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்கைக் கைத்தொலைபேசி திருத்தும் பையனிடம் கொடுத்துத் திறக்க விடாதீர்கள். பெட்டரியைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். ஆஸ்பத்திரியில் தாளம் தவறித் துடிக்கும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவியின் உச்ச அளவு பொதுவாக 360 ஜூல். இங்கே 600 ஜூல். ஒரு குடும்பத்தின் பிள்ளையைப் பறிப்பதற்கு அது போதும்.

சக வர்த்தகர்களுக்கு

இனி எமது பக்கத்துக்கு வருவோம். "பெட்டரியை இருப்பில் வைத்தால் முதல் முடங்கும், அலுமாரியில் இருந்தே கிழடாகிப் போகும்" என்று சக வர்த்தகர்கள் சொல்வார்கள். உண்மைதான். லித்தியம் பெட்டரி பாவிக்காவிட்டாலும் முதுமையடையும் பொருள். வற் வரியும் 2024 ஜனவரி முதல் 18 வீதம். இந்தச் சுமைகளை நானும்தான் சுமக்கிறேன்.

ஆனால் டயர் கிடைக்காத வாகனத்தை எவராவது விற்பாரா? விற்றால் அவரை நாம் என்னவென்று அழைப்போம்? பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். மாற்றுப் பெட்டரி கிடைக்காது என்பது அந்த விளக்கின் குறை. அதனை வாயால் சொல்லாவிட்டால், பொருளில் எந்தக் கீறலும் இல்லை என்று ஆறுதல்பட எமக்கு உரிமையில்லை.

எமது கடையில் இப்போது மூன்று வழக்கங்களை வைத்திருக்கிறேன். முதலாவது, பற்றுச்சீட்டிலேயே பெட்டரியின் மாதிரி இலக்கத்தையும் விற்ற திகதியையும் எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட பராமரிப்புத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, அதை வாசித்தும் காட்டுகிறோம். இரண்டாவது, ஐந்து விளக்குக்கு ஒரு பெட்டரி என்ற கணக்கில் விளக்குகளோடு சேர்த்தே கொண்டுவருகிறோம். அதன் செலவை விளக்கின் விலையில் ஏற்றிவிடுகிறோம். பக்கத்துக் கடையைவிட எமது விளக்கு சற்று விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லியே விற்கிறோம். சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். மூன்றாவது, விற்காமல் வாடகைக்குக் கொடுக்க மூன்று விளக்குகளை ஒதுக்கியிருக்கிறேன். இருப்பிலுள்ள பெட்டரிகளை அந்த வாடகை விளக்குகளில் மாறிமாறிப் பாவிப்பதால் ஒன்றும் மறதியில் சாவதில்லை.

ஒரு கடைக்குக் கஷ்டமாக இருப்பது பத்துக் கடைக்குக் கஷ்டமல்ல. கொழும்பு, கண்டி, குருநாகல், கல்முனை என்று இத்தொழிலில் உள்ளவர்கள் சேர்ந்து, அதிகம் விற்கும் இரண்டு மூன்று வகைகளைத் தீர்மானித்து, அவற்றின் பெட்டரிகளைக் கப்பலில் ஒன்றாக இறக்கினால் பத்திரச் செலவு பங்கிடப்படும். யாருடைய கடையில் விற்றதாக இருந்தாலும் யாரிடமும் பெட்டரி கிடைக்கும். கடைக்காரர்கள் ஒருவரையொருவர் விலையால் வெட்டுவதற்குக் காட்டும் சுறுசுறுப்பில் கால்வாசியை இதற்குக் காட்டினால் போதும்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஞாயிறு என்றால் கலியாண நாள். அன்று மாவனல்லைத் தம்பி ஒரு வலீமாவில் இருந்தார். பழைய விளக்கைப் பாகங்களுக்காகக் கழித்துவிட்டு, இப்போது எமது வாடகை விளக்குகளில் ஒன்றை, சிறியதை, எடுத்துச் செல்கிறார். மண்டபத்தில் மின்சாரம் போன பிறகும் படமெடுத்து முடித்ததாக மறுநாள் விளக்கைத் திருப்பித் தரும்போது சொன்னார். பெட்டரியைப் பார்த்தேன். பாதிச் சார்ஜில் இருந்தது.

அவரிடம் நான் வாடகை வாங்குவதில்லை. அதைப் பெருமைக்காக எழுதவில்லை. சொல்ல வேண்டிய ஒரு வரியைச் சொல்லாமல் விற்ற கடனில் அது ஒரு சிறு தவணை. அவருடைய உம்மாவின் கையில் இன்னும் வளையல் ஏறவில்லை.